அறுந்த இழையை எடுத்துக் கட்டுவது எப்படி: சோர்வில் இருக்கும் புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

"என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது, அவைகள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோம்" என்கிறார், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நிற்கிற யோபு (யோபு 7:6). நாடா என்பது தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை. சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் தறி ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. இங்கே 'நம்பிக்கை' என்று வருகிற எபிரெயச் சொல் 'திக்வா'. அதற்கு நூல், கயிறு என்றும் பொருள். எரிகோ நகரத்தில் இஸ்ரவேலரின் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் என்ற பெண் சன்னலில் கட்டிவைத்த சிவப்பு நூல் கயிற்றுக்கும் யோசுவா 2ஆம் அதிகாரத்தில் இதே சொல்தான் வருகிறது. நூல் தீர்ந்துபோன தறியாகிவிட்டேன் என்று யோபு புலம்புகிறார்.

நம்பிக்கை என்பது நெஞ்சு நிறைந்து பொங்குகிற ஓர் உணர்ச்சி என்று எண்ணிக்கொண்டு வருகிற புதியவர்கள், அது பொங்காத நாளில் தங்கள் விசுவாசமே போய்விட்டதாகப் பயந்துவிடுகிறார்கள். வேதம் காட்டுகிற நம்பிக்கை நூல் மாதிரியானது. கையில் பிடிக்கலாம். அறும். அறுந்தால் முடிச்சுப் போடலாம். அந்த முடிச்சுகளைப் போடும் முறைதான் இங்கே இருக்கிறது, 14 நாள் அளவுக்கு.

முதலில் ஒரு சோதனை

வேலை போனது, கல்யாணப் பேச்சு முறிந்தது, 1,000 அடி போட்ட போர்வெல்லில் புழுதிதான் வந்தது. இப்படிக் காரணம் சொல்ல முடிகிற மனச்சோர்வு ஒரு வகை. காரணம் தெரிந்தோ தெரியாமலோ, இரண்டு வாரத்துக்கு அநேகமாகத் தினமும் மனம் கனத்துக் கிடப்பது, பிடித்த காரியத்திலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே மாதிரி ஆளை முடக்கும். ஆகவே ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது உபவாசம் அல்ல, கொஞ்சம் திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23).

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் இந்தக் கட்டுரையை இப்போதே நிறுத்திவிட்டு 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்கிற மனநலத் தொலைபேசிச் சேவை. கட்டணமில்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104லும் பேசலாம். ஆபத்து உடனடியானால் 108. தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்தோ வீட்டில் நிறைய மாத்திரையோ இருந்தால் அவற்றை வேறொருவர் பொறுப்பில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

1. உடம்பில் தொடங்குங்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். எலியா தீர்க்கதரிசி ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். (நம் வேலியோரத்துச் சூரைமுள்ளை நினைத்துக்கொள்ள வேண்டாம். எபிரெயத்தில் அது 'ரோத்தெம்', பாலைவனத்தில் கொஞ்சமே நிழல் தருகிற புதர்.) அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. பெரிய வெற்றிக்குப் பின்னாலேயே ஆள் சரிந்துவிட்டார். இது சகஜம்தான்.

தேவன் என்ன செய்தார் என்ற வரிசையைக் கவனியுங்கள். கண்டிக்கவில்லை. பிரசங்கம் பண்ணவில்லை. முதலில் தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டார், திரும்பவும் தூங்கினார். இரண்டாம் தரமும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு நடை, அங்கேதான் பேச்சு.

எனவே முதல் மூன்று நாளைக்கு உங்கள் முதன்மையான ஆவிக்குரிய கடமை இரண்டு: சாப்பாடு, தூக்கம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு அறைக்கு வந்து, டீயும் பன்னும் தின்றுவிட்டு, பன்னிரண்டு மணிவரை போன் பார்த்துக்கொண்டே அழுகிறவருக்கு எந்த வசனமும் உள்ளே இறங்காது. அடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் வையுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, குக்கரில் மூன்று விசில். ஒரே பாத்திரம். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும், தனி ஆளானால் பாதி போடுங்கள். போனை வேறு மூலையில் சார்ஜில் போட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுங்கள்.

புதியவர்கள் சறுக்குகிற இடம் இது. சோர்வு வந்ததும் மூன்று நாள் உபவாசம், முழு இரவு ஜெபம் என்று கிளம்பிவிடுவார்கள். உபவாசம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே சாப்பிடாமலும் தூங்காமலும் கிடக்கிற உடம்புக்கு அது மருந்தல்ல. தேறியபின் உபவாசிக்கலாம்.

2. முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வோம். கடவுளிடம் குறை சொல்லக்கூடாது, ஸ்தோத்திரம் மட்டுமே சொல்ல வேண்டும் என்று புதியவர்களுக்குப் பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். சங்கீதப் புத்தகம் அப்படிக் கற்றுக்கொடுக்கவில்லை. 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடுமாக இருக்கிறவை ஏராளம். மனம் உடைந்தவர் என்ன பேசலாம் என்று வேதமே வாயில் வார்த்தை வைக்கிறது.

ஒரு சாதாரண நோட்டு, ஒரு பேனா, 15 நிமிடம். சங்கீதம் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். வாய்விட்டு இரண்டு தடவை வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்ற சொல் நான்கு முறை வருவதைப் பென்சிலால் கோடிடுங்கள். அது முறையீடு. 3, 4ஆம் வசனங்கள் விண்ணப்பம். 5ஆம் வசனம் 'நானோ' என்று தொடங்கித் திரும்புகிறது: "நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்". கிருபை என்றால் தகுதி பார்க்காமல் காட்டுகிற தயவு.

இப்போது நோட்டில் அதே மூன்று பகுதியை உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். சுத்தத் தமிழ் வேண்டாம், வேதத்தமிழும் வேண்டாம். ஒரு மாதிரி:

முறையீடு: ஆண்டவரே, ஆர்டர் இல்லீன்னு மூணு வாரமா வாரத்துக்கு ரெண்டு நாளுதான் வேலை. செவ்வாக்கெழமை குழுக்கடன் தவணை கட்டோணும். நான் கேக்கறது உங்களுக்குக் கேக்குதான்னே தெரியலீங்க.

விண்ணப்பம்: செவ்வாக்கெழமைக்கு ஒரு வழி காட்டுங்க. இன்னைக்கு ராத்திரி தூங்க வைய்யுங்க.

நானோ:

மூன்றாவது எழுத வரவில்லையா? 'நானோ' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் வெறுமையாக விட்டுவிடுங்கள். வராததை வந்ததாக எழுதாதீர்கள். பொய்யாக எழுதின 'நானோ' மறுநாள் உங்களையே குத்திக்காட்டும். சங்கீதம் 88 அப்படித்தான் 18 வசனமும் புலம்பி, எபிரெயத்தில் இருள் என்ற சொல்லோடு முடிகிறது. திருப்பமே இல்லை. ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. இருளில் நின்றுகொண்டே 'கர்த்தாவே' என்று கூப்பிட்டாலும் அது ஜெபம்தான்.

முறையீடு பொதுவாக இருந்தால் வேலைக்காகாது. 'வாழ்க்கையே சரியில்லை' என்று எழுதுகிறவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. தொகை, நாள், ஆள், இடம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். வாயே வரவில்லை, பெருமூச்சுதான் வருகிறது என்றால் ரோமர் 8:26ஐத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். வார்த்தையில்லாத பெருமூச்சையும் ஆவியானவர் ஜெபமாக எடுத்துக்கொண்டு போகிறார் என்று அங்கே இருக்கிறது.

3. எதை வாசிப்பது

ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்காதீர்கள். லேவியராகமத்தில் நின்றுபோய், அதுவும் ஒரு குற்றவுணர்வாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து விரல் வைக்கிற வழக்கத்தையும் விடுங்கள். சோர்ந்த மனம் விரல் பட்ட இடத்தில் தண்டனையைத்தான் வாசிக்கும்.

தினம் ஒரு பகுதி, காலையில் பத்து நிமிடம் போதும். முதல் வாரத்துக்கு: முதல் இரண்டு நாள் சங்கீதம் 13, அடுத்த இரண்டு நாள் சங்கீதம் 42, 43, ஐந்தாம் நாள் 1 இராஜாக்கள் 19:1–18, ஆறாம் நாள் புலம்பல் 3:1–33, ஏழாம் நாள் சங்கீதம் 88. 42ஐயும் 43ஐயும் சேர்த்து வாசித்தால் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற வரி மூன்று தடவை திரும்ப வருவது தெரியும். தன் மனத்தோடு தானே பேசுகிறார், ஒரு தடவையில் அடங்கவில்லை, அதனால் திரும்பத் திரும்பப் பேசுகிறார். நீங்களும் ஒரு நாளைக்கு மூன்று வேளை பேச வேண்டியிருக்கும். அங்கே வருகிற 'தியங்குகிறாய்' என்பதற்குத் தடுமாறுகிறாய் என்று பொருள்.

புலம்பல் 3இல் "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனத்தை நாட்காட்டியில் பார்த்திருப்பீர்கள். அது 23ஆம் வசனம். அதற்கு முன்னால் இருபது வசனம் கசப்பு. கி.மு. 586இல் எருசலேம் தீக்கிரையான பிறகு, அந்த இடிபாட்டுக்காக அழுகிற புத்தகம் அது. கசப்பைத் தாண்டிக் குதித்து 23க்குப் போகாமல், ஒன்றிலிருந்தே நடந்து போங்கள்.

இரண்டாம் வாரம் இயேசுவிடம் வர வேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற பொதுவான தைரியம் அல்ல. நடந்த ஒரு காரியத்தின்மேல் அது நிற்கிறது: சிலுவையில் செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார். 8ஆம் நாள் மாற்கு 14:32–42, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மரணத்துக்கேதுவான துக்கம் என்கிறார். 9ஆம் நாள் மாற்கு 15:33–39, சிலுவையில் அவர் கூப்பிடுவது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, ஒரு புலம்பல் சங்கீதம். 10ஆம் நாள் லூக்கா 24:13–35. எம்மாவு கிராமத்துக்கு நடக்கிற இரண்டு சீஷர்கள் 'நம்பியிருந்தோம்' என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவரே கூட நடப்பது தெரியாமல். 11ஆம் நாள் யோவான் 20:11–18. 12ஆம் நாள் 2 கொரிந்தியர் 1:8–11, பவுல் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக ஒளிக்காமல் எழுதுகிறார். 13ஆம் நாள் ரோமர் 5:1–5. 14ஆம் நாள் ரோமர் 8:18–39.

ரோமர் 5இல் 'பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும்' என்று வரும்போது பள்ளிக்கூடப் பரீட்சையை நினைக்காதீர்கள். நெருப்பில் போட்டு எடுத்து, இது தேறியது என்று அறியப்பட்ட தன்மையைக் குறிக்கிற கிரேக்கச் சொல் அது.

கையில் எந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது என்றும் பாருங்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்தே சபைகளில் பெரும்பாலும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும் (1 கொரிந்தியர் 13:13). கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று வரும். ஒன்றில் விசுவாசம் என்பது மற்றதில் நம்பிக்கை, ஒன்றில் நம்பிக்கை என்பது மற்றதில் எதிர்நோக்கு. சங்கீதங்கள் அங்கே திருப்பாடல்கள், இராஜாக்கள் அங்கே அரசர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் குழப்பம்தான் வரும். இந்த 14 நாளைக்கு ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை பற்றி ஒரு வார்த்தை. புத்தாண்டு ஆராதனையில் அதிகமாகக் கையில் வருகிற வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. அதில் 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று இருப்பதிலும் திக்வாதான் இருக்கிறது. ஆனால் அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. 5ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. மார்ச்சுக்குள் நடக்கும் என்று எண்ணி அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டவர் ஏப்ரலில் நொறுங்கிப்போகிறார். அட்டை கிடைத்தால் சந்தோஷம், வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

4. ஒரே ஓர் ஆள்

எலியா 'நான் ஒருவன்தான் மீதி' என்று இரண்டு தடவை சொல்கிறார். 7,000 பேர் இருக்கிறார்கள் என்பது பதில். உங்களுக்கு 7,000 வேண்டாம், ஒருவர் போதும். வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசத்துக்கு வந்தவரானால் இது இன்னும் அவசியம்.

யார்? கேட்டுவிட்டு அடுத்த தெருவில் சொல்லாதவர். உடனே புத்தி சொல்லத் தொடங்காதவர். பெண்கள் பெண்களிடமும் ஆண்கள் ஆண்களிடமும் முதலில் பேசுவது நல்லது. போதகரிடமோ ஃபாதரிடமோ போவதானால் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்குகிற நேரத்தில் தொடங்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும். வாரநாளில் போன் செய்து நேரம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு: "ஐயா, ரெண்டு வாரமா மனசே சரியில்லீங்க. ஒரு அரை மணி நேரம் உங்களப் பாக்கோணுங்க. ஜெபம் பண்றதுக்கு முன்னால நான் சொல்றத முழுசா கேட்டுக்குங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

போகும்போது நோட்டை எடுத்துப்போய், ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். நேரில் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும், எழுதியது நிற்காது.

கேட்கிறவர் தவறு செய்வதும் உண்டு. யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் தேவன் கோபப்படுவது புலம்பின யோபின்மேல் அல்ல, அவர்கள்மேல்தான் (42:7). 'உங்களுக்கு விசுவாசம் பத்தாது' என்று யாராவது சொன்னால் சண்டை வேண்டாம், அடுத்த முறை வேறொருவரிடம் போங்கள்.

பேச ஆளே கிடைக்காத நாளில் ஆலயத்தில் போய் அரை மணி நேரம் உட்காரலாம். கோவைப் பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம், ஈரோட்டில் பிரப் நினைவாலயம், சோமனூர் பக்கம் கருமத்தம்பட்டி செபமாலை மாதா பேராலயம். உங்கள் ஊர்ச் சின்னக் கோவிலும் போதும். கதவு சாத்தியிருந்தால் வளாகத்தில் இருக்கிறவரிடம் "செத்த நேரம் உக்காந்து ஜெபம் பண்ணலாமுங்களா" என்று கேட்டால் பெரும்பாலும் திறந்துவிடுவார்கள்.

5. ஒரு சின்ன வேலை

ஓரேப்பில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் போனபின் மெல்லிய சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எலியாவுக்கு வேலை கொடுத்தது: திரும்பிப் போ, மூன்று பேரை அபிஷேகம் பண்ணு. அந்த மூவரில் எலிசா அவருக்கு உதவியாளாகவும் ஆனார்.

உங்களுக்கு இரண்டாம் வாரத்தில் ஒரு வேலை. இன்னொருவருக்காக, அரை மணிக்கு மேல் போகாத வேலை. ஆலயத்தில் பாய் விரிப்பது, பக்கத்து அறை ஆயாவுக்கு ரேஷன் வாங்கிக்கொடுப்பது. வாரத்துக்கு இரண்டு தடவை போதும். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வீட்டுக் கூட்டம் என்று மூன்றையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டால் மறுபடி சூரைச்செடிதான்.

காசு விஷயம்

சோர்வில் இருக்கிறவரைத் தேடி வருகிற ஆபத்து இது. ஜெபத்துக்கு விலை கிடையாது. இவ்வளவு அனுப்பினால் கடன் தீரும், இந்த எண்ணெய் வாங்கினால் வேலை கிடைக்கும் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மேடையிலிருந்து சொன்னாலும், அனுப்பாதீர்கள். குழுக்கடன் தவணைக்கு வைத்த பணத்தைக் காணிக்கையாகப் போடுவது விசுவாசம் அல்ல. இந்த 14 நாளில் புதிய பொருத்தனையும் (தேவனுக்கு நேர்ந்துகொள்வது) செய்யாதீர்கள். வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, கல்யாணத்துக்குச் சம்மதிப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜெபத்துக்குப் பிறகு நன்றாக இருக்கிறது என்று தாங்களாக நிறுத்தக்கூடாது, மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.

நாள் தவறினால்

தவறும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, கடன் போக மீதியைப் பார்த்த இரவிலும், எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்ட ஞாயிறு சாயங்காலத்திலும் தவறுவது அதிகம். விட்டதைச் சேர்த்துவைத்து இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். தறியில் இழை அறுந்தால் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டுவார்கள், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) முழுவதையும் பிரித்து மறுபடி ஆரம்பிக்க மாட்டார்கள். விட்ட நாளின் தேதியை எழுதி ஒரு கோடு போட்டுவிட்டு, அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

14 நாள் முடிந்தும் கனம் அப்படியே இருந்தால், முதலில் சொன்ன சோதனைக்குத் திரும்பி மருத்துவரைப் பாருங்கள். வாசிப்பையும் நோட்டையும் அதோடு சேர்த்தே தொடரலாம்.

30ஆம் நாள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். கேட்டது நடந்திருந்தால் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடக்காததை அடிக்க வேண்டாம், அது இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு, 'நானோ' என்று எழுதி வெறுமையாக விட்ட வரிகளுக்கு வாருங்கள். இன்று ஒன்றையாவது நிரப்ப முடிந்தால் நிரப்புங்கள். மற்றவற்றை அப்படியே விட்டுவைத்து, அடுத்த பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள்.